கூட்டு விசாரணையும் திறந்துவிட்ட யன்னலும்

ஒன்றாக வந்த அகதிகளை ஒன்றாக இருத்தி விசாரித்தால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்தானே, ஏன் தனித்தனியாகக் கூப்பிடுகிறார்கள் என்று உங்களில் ஒரு பிள்ளை கூட்டத்தில் கேட்டதாக என் காதுக்கு வந்தது. யார் கேட்டது என்று நான் விசாரிக்கவில்லை. தெரிந்தால் தொலைபேசி எடுத்து ஏசிவிடுவேன், பிறகு அந்தப் பிள்ளை மொழிபெயர்க்கிற வேலையே வேண்டாமென்று விட்டுவிடும். அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்துச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கி, நான் ஏசுகிற இடங்களைக் குறைத்தும் விடுகிறாள். குறைத்த பிறகும் மிஞ்சியது இது.

நான் இந்த நாட்டுக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். இலங்கையில் வேலை பார்த்த ஒரு ஜெர்மன் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது, பிள்ளைகள் என்னை விட மாட்டோம் என்று அழுததால், என்னையும் டோர்ட்மண்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். என் ஜெர்மன் அந்தப் பிள்ளைகளிடம் படித்தது. அவர்கள் பல் விழுந்த வாயால் கதைத்ததை நானும் கதைத்தேன். இப்போதும் சில சொற்களை நான் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பிள்ளைகள் வளர்ந்து போன பிறகு ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலைக்குச் சேர்ந்தேன். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து இறங்கத் தொடங்கினார்கள். கிழக்கு பேர்லினில் விமானம், அங்கிருந்து ரயிலேறி மேற்குப் பக்கம், பிறகு யாரோ கொடுத்த விலாசம். தமிழும் ஜெர்மனும் தெரிந்தவர் யார் என்று வழக்கறிஞர்கள் தேடியபோது, குசினியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த நான் அகப்பட்டேன்.

முதல் நாள் நீதிபதியைப் பார்த்து, நீ கொஞ்சம் மெதுவாகக் கதை என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளிடம் படித்த மொழியில் மரியாதைக்கு எங்கே போவது. வாசலில் நின்ற சேவகர் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி கோபிக்காமல் மெதுவாகக் கதைத்தார். எனக்கு அந்த மனிதரில் அன்றைக்கே ஒரு நல்லெண்ணம் வந்தது. அதனால்தான் அவர் பிறகு செய்ததைப் பார்த்து அவ்வளவு கோபம் வந்தது.

அதற்கு முன் ஒரு மனுசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே நீதிமன்றத்தில் துருக்கியருக்கு மொழிபெயர்த்தவர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எந்நேரமும் கைப்பையில் உப்புப் போட்ட சூரியகாந்தி விதை வைத்திருப்பார். தாழ்வாரத்தில் எனக்கும் ஒரு பிடி தருவார், தோலை எங்கே துப்புவது என்று தெரியாமல் நான் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் தன் கதை ஒன்றைச் சொன்னார். ஒரு விவசாயி, ஊரை விட்டு எப்போது வெளிக்கிட்டாய் என்று கேட்டதற்கு, அறுவடை முடிந்த பிறகு என்று சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் எப்போது என்று நீதிபதி இவரைக் கேட்டிருக்கிறார். இவர் தன் ஊர் நினைப்பில் ஒரு மாதத்தைச் சொல்லிவிட்டார். அவன் ஊரில் அறுவடை வேறு காலம், விண்ணப்பத்தில் அவன் கொடுத்திருந்த மாதத்தோடு இவர் சொன்னது பொருந்தவில்லை. அவன் பொய்யன் என்று தீர்ப்பாகிவிட்டது.

அன்றைக்கு அவர் சொல்லித் தந்தது ஒரே ஒரு வசனம். இவர் என்ன கருதுகிறார் என்று யார் உன்னைக் கேட்டாலும், அவரையே கேளுங்கள் என்று சொல். நீதிபதி கேட்டாலும் சரி, வழக்கறிஞர் கேட்டாலும் சரி, உன் சொந்த அண்ணன் கேட்டாலும் சரி. நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். நீங்கள் இப்போது வகுப்புக்குப் போய்ப் படிக்கிறீர்கள், சான்றிதழ் எடுக்கிறீர்கள், எனக்குச் சந்தோசம். ஆனால் அந்த வசனம் உங்கள் பாடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி அந்த அநியாயத்துக்கு வருகிறேன். அகதி வழக்குகளுக்குப் பொறுப்பான ஓர் அரசாங்க அலுவலகம் இருந்தது. பெயர் வேண்டாம், சொல்லி முடிக்க மூச்சு வாங்கும். அந்த அலுவலகம், நீதிமன்றங்களில் விசாரிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று ஒரு முன்மொழிவு கொண்டுவந்தது. ஒரே ஊரில் இருந்து ஒன்றாக வந்தவர்களை ஒரே அறையில் இருத்த வேண்டும். ஒருவர் முழுக்கச் சொல்வார். மற்றவர்கள் அதோடு ஒத்துப்போகிறோம் என்றோ இல்லை என்றோ சொன்னால் போதும். விசாரணை முடியும் வரை ஒருவரும் எழுந்து வெளியே போகக் கூடாது. போனால், மற்றவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்று பிறகு சாட்டுச் சொல்வார்களாம்.

அது இன்னும் முன்மொழிவுதான். சட்டமாகவில்லை. ஆனால் எங்கள் நீதிபதி உடனேயே அப்படி விசாரிக்கத் தொடங்கிவிட்டார். வழக்குகளைச் சேர்த்து எடுக்கிற அதிகாரம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. இப்போது ஆசையும் வந்துவிட்டது.

இதை எழுதியவர்கள் எங்கள் ஆட்களோடு ஒருநாளாவது ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டிருப்பார்களா? எங்கள் வீட்டில் ஒரு மூத்தவர் கதைத்துக்கொண்டிருக்கும்போது இளையவன் வாய் திறப்பானா? மூத்தவர் ஊர்ப் பெயரைப் பிழையாகச் சொன்னாலும் திருத்த மாட்டார்கள். வெளியே வந்த பிறகு தங்களுக்குள் சிரிப்பார்கள். அப்படி வளர்ந்தவனை மாமனுக்குப் பக்கத்தில் இருத்தி, உன் மாமன் சொன்னது சரியா என்று கேட்டால் அவன் வேறு என்ன சொல்வான்? இப்போது சொல்லும்போதும் என் குரல் உயர்ந்துவிட்டது. பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள், நான் கொஞ்சம் ஆறட்டும் என்று.

சரி. அன்றைக்கு வந்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேரை நீங்கள் நினைவில் வைத்தால் போதும். ஒருவர் சின்னத்துரை அண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயர் நான் போட்டது. தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர், கலவரத்தில் கடையை எரித்துவிட்டார்கள். மற்றவன் அவருடைய தங்கையின் மகன். யோகன் என்று கூப்பிடுவோம். அமைதியான பெடியன். வலது கையில் இரண்டு விரல்கள் மடியாது.

அவர்கள் முதலில் விண்ணப்பம் கொடுத்தபோதே எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய ஒரு பிழையைச் செய்திருந்தார்கள். நான்கு பேரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்திருக்கிறார்கள். பெரியவர், அதுதான் சின்னத்துரை அண்ணை, கதை சொல்லியிருக்கிறார். ஒரு மாணவன் ஜெர்மனில் எழுதியிருக்கிறான். எரிந்த கடையின் கதை நான்கு பேருக்கும் ஒரே மாதிரிப் போய்விட்டது. கடை யோகனுடையதே அல்ல. கடையை இழந்தவருடைய மருமகன் என்பதற்காக ஒருவனை இந்த நாட்டில் வைத்திருக்க மாட்டார்கள். அலுவலகம் மறுத்துவிட்டது. நீதிமன்றமும் மறுத்தால் அவனைத் திருப்பி அனுப்புவார்கள்.

விசாரணைக்கு முன் பெரியவர் மேலங்கியைக் கொழுவப் போன நேரத்தில் யோகன் என்னிடம் வந்தான்.

"அக்கா, நாங்கள் எல்லாரும் ஒண்டாய்த்தானோ உள்ளை போறம்?"

"ஓம். மாமாதான் முதல் கதைப்பார்."

அவன் மாமன் போன பக்கம் திரும்பிப் பார்த்தான். "அப்ப எனக்குச் சொல்ல ஏலாது. பொலிஸ் என்னைக் கொண்டுபோய் வைச்சிருந்ததிலை ஒரு விசயம் இருக்கு. மாமாவுக்கு முன்னாலை என்ரை வாயாலை அது வராது."

உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லு என்றேன். "அவவுக்கு எந்தப் பாசையிலை சொல்லுறது? நீங்கள்தானே அக்கா எனக்கு வாய்" என்றான். வா, இப்போதே போய்ச் சொல்வோம் என்று அவன் கையைப் பிடித்தேன். அதற்குள் கதவைத் திறந்து பெயர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான்கு கதிரைகள் வரிசையாக. வயதுப்படி இருந்தார்கள், யாரும் சொல்லவில்லை, தாங்களாகவே அப்படி இருந்தார்கள். யோகன் மாமனுக்குத் தோள் முட்டுகிற தூரத்தில். பெரியவர் நன்றாகச் சொன்னார். கடை, நெருப்பு, ஒளித்திருந்த இடம் எல்லாம். சொல்லி முடித்தவர் என் பக்கம் குனிந்தார்.

"எனக்கு உள்ளை இருக்க ஏலாமல் கிடக்கு பிள்ளை. நான் சொல்லி முடிச்சிட்டன்தானே. வெளியிலை போய் நிக்கட்டோ எண்டு கேள்."

கேட்டேன். நீதிபதி இல்லை என்றார். புதிய முறைப்படி எல்லாரும் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். ஆனால் மனிதர் அக்கறையானவர், சேவகரைக் கூப்பிட்டு யன்னலைத் திறந்துவிடச் சொன்னார். வெளியே பனி. என் கால்விரல் மரத்துவிட்டது.

மற்ற இருவரும் ஒவ்வொரு வசனத்தோடு முடித்தார்கள். யோகனின் முறை வந்தது. பெரியவர் மறுபடி என்னைச் சுரண்டினார். ஒரு சுருட்டுப் பத்தப் போக வேண்டும், கேள் என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, இனிப் பெடியன்ரை முறை என்று சொன்னேன்.

"அதாலைதான் கேக்கிறன்" என்றார்.

தன் பங்கு முடிந்துவிட்டது, இனி இருந்து என்ன என்று மனிதர் அலுத்துப்போனார் என்று நினைத்தேன். சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். நீதிபதி தலையசைத்து மறுத்துவிட்டு, இரண்டாவது யன்னலையும் திறக்கச் சொன்னார்.

பிறகு யோகனைப் பார்த்துக் கேட்டார், உனக்குச் சொந்தமாகக் காரணம் ஏதும் உண்டா என்று. யோகன் நிலத்தைப் பார்த்தபடி, "மாமா சொன்னதுதான் எனக்கும்" என்றான். அதை ஜெர்மனில் சொன்னேன். நீதிபதி உடனே பக்கத்தில் இருந்த தட்டச்சுப் பெண்ணுக்குச் சொல்லி எழுதுவித்தார்: இவருக்கெனத் தனிக் காரணம் எதுவும் இல்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவன் அப்படிச் சொல்லவில்லை. அவன் சொன்னது ஒரு மரியாதை. அதைப் பதிலாக எழுதிவிட்டார்கள். உள்ளே வேறு ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பெரியவருக்கு ஜெர்மன் ஒரு சொல்லும் விளங்காது. நான் ஜெர்மனில், இவனிடம் வேறு கதை இருக்கிறது என்று சொன்னாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் சொன்னால் என்ன நடக்கும்? நீதிபதி, என்ன கதை என்று கேட்பார். அந்தக் கேள்வியை நான் தமிழில், மாமனுக்கு முன்னால், அவனிடம் கேட்க வேண்டும். தாழ்வாரத்தில் என்னை நம்பிச் சொன்னவனை நானே பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

நான் வாயை மூடிக்கொண்டேன். நீதிபதிக்கு என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். வேறு ஒன்றும் இல்லை என்றுதானே இவர் கருதுகிறார் என்று என்னைக் கேட்டார்.

அவரைக் கேளுங்கள் என்றேன். கேட்டார். அதே பதில் வந்தது. அப்போது நான் சொன்னேன், இது என்னுடைய சொல், அவருடையதல்ல, அவரைத் தனியாகக் கேளுங்கள்.

அந்தத் துருக்கி மனுசி சொல்லித் தந்த வசனத்தில் நான் ஒரு சொல் கூட்டிவிட்டேன். அது சரியா பிழையா என்று நீங்கள் வகுப்பில் சண்டை பிடிக்கலாம். நான் சொல்வது ஒன்றுதான். கூட்டவே கூடாது. கூட்டாமல் இருக்க முடியாத ஒரு நாள் வந்தால், இது என் சொல் என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கூட்டுங்கள். மற்றவன் வாய்க்குள் ஒளித்து வைத்துக் கூட்டாதீர்கள்.

நீதிபதிக்கு முகம் சிவந்தது. நீங்கள் மொழிபெயர்க்க வந்தவர், வாதாட வந்தவர் அல்ல என்றார். ஆனால் வழக்கறிஞர் கெட்டிக்காரி. சின்னப் பெண், அன்றைக்குச் சளி வேறு, மூக்கைத் துடைத்துக்கொண்டே எழும்பினார். தன் கட்சிக்காரரைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். நீதிபதி மறுத்தார். அவர் விடவில்லை, கேட்டதையும் மறுத்ததையும் எழுதும்படி கேட்டார். எழுதினார்கள். தீர்ப்பைப் பிறகு சொல்வதாகத் தள்ளி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு என்னை அந்த நீதிமன்றத்தில் இருந்து கூப்பிடவில்லை. ஆங்கிலம் தெரிந்த யாரையோ வைத்து ஒப்பேற்றியதாகக் கேள்வி. ஆங்கிலமே தெரியாத ஆட்களுக்கு. நான் குசினியில் கரண்டியை உருட்டிக்கொண்டு இருந்தேன். கூட வேலை செய்த பெண்கள், என்ன, உன் நீதிபதி உன்னை மறந்துவிட்டாரா என்று பகிடி பண்ணினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு கிழமையும் யோகனுக்குக் கடிதம் வந்ததா என்று ஆள் விட்டுக் கேட்பேன்.

இலைகள் துளிர்க்கிற காலம். மத்தியானம், குசினித் தொலைபேசிக்கு வழக்கறிஞர் எடுத்தார். அலுவலகம் தன் முன்மொழிவை மீளப் பெற்றுக்கொண்டதாம். கூட்டு விசாரணை இல்லை. எல்லாம் பழைய முறைப்படி. நான் அன்றைக்கு முழு வார்டுக்கும் இரட்டைப் பங்கு புடிங் அனுப்பினேன். சீனி வருத்தக்காரருக்கும் போய்விட்டது என்று தாதிமார் சத்தம் போட்டார்கள். எனக்கு அதைக் கேட்டும் சந்தோசமாகத்தான் இருந்தது.

ஏன் மீளப் பெற்றார்கள் என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை, இரண்டு வரி அறிவித்தலாம். வழக்கறிஞர்கள் எழுதியதால் என்று ஒருவர் சொன்னார், பாதிரிமார் கேட்டதால் என்று இன்னொருவர், நீதிபதிகளுக்கே அது பிடிக்கவில்லை என்று மற்றொருவர். என்னால் என்று நான் சொல்ல மாட்டேன், என்னை அந்த அலுவலகத்துக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பாருங்கள், ஒரு பிழையான கதவைத் திறந்து அதற்குள் இத்தனை பேரைத் தள்ளிவிட்டு, பிறகு சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போகிறார்கள். உள்ளே போனவர்களைப் பற்றி அந்த இரண்டு வரியில் ஒரு சொல்லும் இல்லை. பிழை செய்துவிட்டோம் என்று ஒரு சொல் இல்லை. ஏற்கெனவே கூட்டாக விசாரிக்கப்பட்டவர்கள் என்ன செய்வது என்று நான் தொலைபேசியில் கத்தினேன். வழக்கறிஞர் அமைதியாக, அதற்குத்தான் உங்களை எடுத்தேன் என்றார். தீர்ப்பு வராததாலும், அன்றைக்குக் கேட்டது எழுத்தில் இருந்ததாலும், யோகனைத் தனியாகக் கேட்க நீதிபதி சம்மதித்திருந்தார். மொழிபெயர்க்க என்னையே வரச் சொன்னாராம்.

அந்த நாள் பெரியவரும் கூட வந்தார். அவருக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் வந்தார். தாழ்வாரத்து வாங்கில் இருந்துகொண்டார். கதவு மூடியது. யோகன் கதைத்தான். நடுவில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் கேட்டான், மறுபடி கதைத்தான். நீதிபதி ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. அந்த அறையில் நான் கேட்டதை இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்லப் போவதில்லை. தீர்ப்பு பிறகு வந்தது. அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பெரியவரை அகதி என்று ஏற்க மறுத்துவிட்டார்கள், இருக்க மட்டும் விட்டார்கள். அது இன்னொரு கோபம்.

இனிச் சொல்வது அறைக்கு வெளியே நடந்தது. பெரியவர் கண்மூடுவதற்கு முன் இதைத் தானே யோகனிடம் சொல்லிவிட்டார். அதனால்தான் எனக்கு வாய் திறக்க முடிகிறது.

யோகனைத் தனியாக விசாரித்து முடிந்த அன்று மூன்று பேரும் பஸ் நிலையத்தில் நின்றோம். யோகன் கோப்பி வாங்கப் போனான். பெரியவர் வாங்கில் தொப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு இருந்தார். அவன் தூரம் போகும் வரை பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"என்ன சொன்னவன் பிள்ளை?"

"அவனைக் கேளுங்கோ அண்ணை."

"கேக்க மாட்டன்." முழங்காலைத் தடவிக்கொண்டார். "கேக்கவும் தேவையில்லை. என்ரை மகன் ஒளிச்சிருந்த வீட்டைப் பொலிசுக்குக் காட்டினது இவன்தான். விரலை முறிச்சுக் கேட்டிருக்கிறாங்கள். என்ரை பெடியனைப் பிடிச்சு முறிச்சிருந்தா அவனும் இவன்ரை வீட்டைக் காட்டியிருப்பான். இவனை அங்கை விட்டிட்டு வந்தா இன்னொருக்காப் பிடிப்பாங்கள் எண்டுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

அவருடைய மகன் அப்போதும் சிறையில் இருந்தான். அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமென்று அவனுக்குத் தெரியுமோ என்று கேட்டேன்.

"தெரியாது. தெரிஞ்சா என்னோடை இருந்து சாப்பிட மாட்டான்." அவர் அந்த நீதிமன்றம் இருந்த பக்கம் தாடையைக் காட்டினார். "நான் பக்கத்திலை இருந்தா அவன் வாய் திறக்க மாட்டான் எண்டு அண்டைக்கு எனக்கு நல்லாத் தெரியும். வெளியிலை போறன், வெளியிலை போறன் எண்டு ரெண்டு தரம் கேட்டனான். அவங்கள் யன்னலைத் திறந்துவிட்டாங்கள்."

யோகன் மூன்று கடதாசிக் கோப்பைகளோடு வந்தான். எனக்கு ஒன்று தந்தான், மாமனுக்கு ஒன்று. தன் கோப்பையை வைத்துக்கொண்டு, வழக்கம்போல, மாமனுக்கு முன்னால் நின்றான்.

பெரியவர் பக்கத்தில் கிடந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இரடா" என்றார்.

யோகன் பக்கத்தில் இருந்தான்.